டப்ளினில் ஒரு நாள் மிச்சம் இருந்தால் கிரேஸ்டோன்ஸ் போகலாமா?

கேள்வி: "யு.கே. டூரில் டப்ளினில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. கிரேஸ்டோன்ஸ் என்ற கடலோர ஊருக்குப் போகலாமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?"

ஏற்கெனவே ஒருவர் "ஒன்றுமில்லை, நேர விரயம்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். இந்தப் பதில் நீளமாக இருப்பதற்கு அவர்தான் காரணம்.

பார்க்க என்ன இருக்கிறது என்றால் அவர் சொன்னது பாதி சரி. கோட்டை இல்லை, அருங்காட்சியகம் இல்லை, டிக்கெட் எடுத்து உள்ளே போகிற எதுவும் இல்லை. டப்ளினுக்குத் தெற்கே, விக்லோ கவுண்டியில், காலையில் பாதி ஊர் ரயிலேறி வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற இடம் அது. சுமார் 22,000 பேர் இருக்கிறார்கள். அதைச் சிற்றூர் என்று சொல்லலாமா என்று சண்டைக்கு வராதீர்கள், நடந்து பார்த்தால் சிற்றூர்தான். அங்கே கிடைப்பது ஓர் அருமையான ரயில் பயணம், இறங்கியதும் கடல், இரண்டு மூன்று மணி நேர நடை, ஒரு நல்ல சாப்பாடு. இது போதாது என்பவர்கள் கோட்டை உள்ள கில்கென்னிக்குப் போகலாம், தப்பில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டப்ளின் யு.கே.வில் இல்லை. கேள்வி கேட்டவர் மேல் கோபமில்லை, ஆனால் வாரத்துக்கு ஒருவராவது இப்படி எழுதுகிறார்கள். அயர்லாந்து தனி நாடு, பணம் யூரோ, குடியேற்றச் சோதனையும் தனி. பெல்ஃபாஸ்ட் உள்ள வட அயர்லாந்துதான் யு.கே. சொல்லுக்காக மட்டும் நான் சண்டை போடவில்லை. இந்திய பாஸ்போர்ட்காரர்கள் லண்டனுக்கு எடுத்த விசாவை நம்பி டப்ளின் விமானம் ஏற முடியாது. இரண்டு நாட்டுக்கும் பொதுவான பி.ஐ.வி.எஸ். ஏற்பாட்டின் கீழ் வந்த விசாவா என்று பாருங்கள். அப்படியே இருந்தாலும், எந்த நாடு கொடுத்ததோ அந்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். ஹோட்டல் புக் பண்ணுவதற்கு முன் பார்க்க வேண்டிய வேலை இது.

இனி ரயில். நீங்கள் கார் இல்லாமல் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டார்ட் என்ற மின்ரயில் டப்ளின் கொனொலி, டாரா ஸ்ட்ரீட், பியர்ஸ் நிலையங்கள் வழியாகக் கடலை ஒட்டித் தெற்கே வருகிறது. 2000-இல்தான் அதை கிரேஸ்டோன்ஸ் வரை நீட்டினார்கள். பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் தடவை போகிறவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு: தெற்கே போகும் எல்லா டார்ட்டும் கிரேஸ்டோன்ஸ் போகாது. பல வண்டிகள் ஒரு நிலையம் முன்னால், பிரேயிலேயே நின்றுவிடும். பிரேயிலிருந்து கிரேஸ்டோன்ஸ் வரை மலையைக் குடைந்து போட்ட ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டி வந்து சேர்ந்தால்தான் அடுத்ததை விட முடியும். அதனால் பெரும்பாலும் அரை மணிக்கு ஒன்றுதான். பிரே வண்டியில் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம், அங்கே இறங்கி அடுத்ததைப் பிடியுங்கள்.

நடைமேடைப் பலகையில் ஊர்ப்பெயர் ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி ஓடும். கிரேஸ்டோன்ஸுக்கு ஐரிஷில் 'நா க்ளொஹா லீஅஹா', சாம்பல் கற்கள் என்றே பொருள். பிரே என்பது 'ப்ரே' என்றே ஒலித்தாலும் எழுத்து வேறாக இருக்கும். வழியில் வரும் ஒரு பெரிய துறைமுக ஊரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் டுன் லாகைர் மாதிரி வரும். சொல்வது டன் லீரி. வழி கேட்கும்போது உதவும்.

டிக்கெட்டுக்கு லீப் கார்டு என்ற பயண அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், தனி டிக்கெட்டைவிட மலிவு. ஏறும்போது தட்ட வேண்டும், இறங்கியும் தட்ட வேண்டும். தடுப்புக் கதவு திறந்தே கிடந்தாலும் தட்ட மறக்காதீர்கள். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் கழிந்துவிடும். ஏறும்போதே தட்டாமல் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம். லண்டன் பழக்கத்தில் வங்கிக் கார்டை நேரடியாகத் தட்டுவது, இதை எழுதும் நாள்வரை, இங்கே எடுபடாது.

இன்னொன்று, குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு: டார்ட் பெட்டியில் கழிப்பறை கிடையாது. ஒரு மணி நேரம். கொனொலியிலோ பியர்ஸிலோ முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

போகும்போது இடப்பக்க ஜன்னல். பூட்டர்ஸ்டவுன் தாண்டினால் கடல் தண்டவாளத்தின் ஓரத்துக்கே வந்துவிடும். டால்கி சுரங்கத்தின் இருட்டிலிருந்து வண்டி வெளியே வரும் நொடியில் கில்லைனி விரிகுடா முழுதாகத் திறக்கும். இதை நேப்பிள்ஸ் விரிகுடாவோடு ஒப்பிட்டு அந்தக் காலத்துச் சீமான்கள் அங்கே தெருக்களுக்கு சொரெண்டோ, வீக்கோ என்று இத்தாலியப் பெயர் வைத்தார்கள். அந்த நொடியில் போனில் தலையைக் குனிந்திருந்தால் போச்சு.

பிரேக்குப் பிறகு வருவது இன்னும் விசேஷம். பிரே ஹெட் குன்றின் கடல்பக்கச் சரிவில் 1850-களில் இந்தப் பாதையை அமைத்தவர் பொறியாளர் இசம்பார்ட் புரூனெல். அழகான பாதை, ஆனால் ரயில் கம்பெனிக்குத் தீராத தலைவலி. 1867-இல் ஒரு வண்டி மரப்பாலத்திலிருந்து கவிழ்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். அலை அரித்துக்கொண்டே வர, பாதையை உள்ளே உள்ளே தள்ளி வைத்துக்கொண்டே போனார்கள். 1917-இல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றையே புதிதாகத் தோண்டினார்கள். சுரங்கங்களுக்கு நடுவே வெளிச்சம் வரும்போது கடல்பக்கம் பாருங்கள்: கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தின் வாயும் பாதையில்லாத பாலத்தின் தூண்களும் தெரியும். ஊரார் இதற்கு வைத்த பெயர் 'புரூனெலின் மடத்தனம்'.

இப்போது பலரும் ஏமாறும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் "பிரேயில் இறங்கி மலையோரப் பாதையில் 7 கிலோமீட்டர் நடந்து கிரேஸ்டோன்ஸ் சேருங்கள்" என்றுதான் சொல்லும். அந்தப் பாதையை நிலச்சரிவு காரணமாக 2021-இல் கிரேஸ்டோன்ஸ் பக்கம் அடைத்தார்கள். விக்லோ கவுண்டி கவுன்சிலின் அறிவிப்பைப் பார்க்காமல் அந்த நடையை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஒரு முனை நன்றாக இருக்க மறுமுனை மட்டும் ஏன் சரிகிறது என்றால், பிரே ஹெட் 50 கோடி ஆண்டுக்கும் மேல் பழைய, கெட்டியான பாறை. கிரேஸ்டோன்ஸ் பக்கம் அப்படியில்லை. பனியாறுகள் விட்டுப்போன களிமண்ணும் கல்லும் கலந்த பொலபொலப்பான மேடு. மேலே மழைத்தண்ணீர் ஊறுகிறது, கீழே அலை அடியை அறுக்கிறது, நடுவில் பாதை போகிறது. வேலியைத் தாண்டிப் போன வீடியோக்கள் கிடைக்கும். அவற்றை எடுத்தவர்கள் ஒரு வாரம் மழை பெய்த பிறகு அந்த மண் எப்படி இருக்கும் என்று காட்டமாட்டார்கள். துறைமுகத்துக்கு வடக்கே உள்ள கடற்கரையிலும் இதே மண்தான். அந்த மேட்டின் அடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

நடந்தே தீர வேண்டும் என்றால் பிரேயில் இறங்கி, கடற்கரைச் சாலையின் தெற்கு முனையிலிருந்து பிரே ஹெட் உச்சிச் சிலுவைக்கு ஏறலாம். 1950-இல் நட்ட கான்கிரீட் சிலுவை அது. உச்சி 241 மீட்டர், கடல்மட்டத்திலிருந்தே ஏறுவதால் மூச்சு வாங்கும். சாதாரண நடைக்கு முக்கால் மணி நேரம். வேரும் பாறையுமான வழி, ஈரத்தில் வழுக்கும், ஷூ வேண்டும். இறங்கி வந்து ரயிலில் கிரேஸ்டோன்ஸ் போங்கள்.

கிரேஸ்டோன்ஸ் நிலையத்தில் இறங்கினால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே தெற்குக் கடற்கரை. ரயில் பாதைக்கு அடியில் உள்ள குறுக்குவழிகளில் நுழைந்து போக வேண்டும். நம்மூர்க் கடற்கரை மாதிரி வெறும் மணல் இல்லை, மணலும் கூழாங்கல்லும் கலந்தது. அலை பின்வாங்கும்போது ஆயிரம் கூழாங்கற்கள் ஒன்றாக உருளும் சத்தம் சோழிகளைத் தரையில் கொட்டி அள்ளுவது போல இருக்கும். அதற்காகவே கால் மணி நேரம் சும்மா நிற்கலாம். அங்கிருந்து வடக்கே துறைமுகம் பத்து நிமிட நடை. வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறப் பாறைகள்தான் ஊருக்குப் பெயர் கொடுத்தவை. துறைமுகத்தில் புதிய படகுத்துறை 2013-இல் திறந்தது. 2008 பொருளாதாரச் சரிவில் வேலை நின்றுபோய் ஊர்க்காரர்கள் பல வருடம் தடுப்புப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்த கதையை இன்னும் சொல்லிக் குறைபடுவார்கள்.

நேரம் இருந்தால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே உள்ள பர்னபி வீதிகளில் ஒரு சுற்று. அந்த நிலத்தின் வாரிசு எலிசபெத் ஹாக்கின்ஸ்-விட்ஷெட், பெண்கள் பாவாடைதான் கட்ட வேண்டும் என்ற காலத்தில் ஆல்ப்ஸ் மலை ஏறி, 1907-இல் பெண்கள் ஆல்பைன் (மலையேற்ற) சங்கத்தின் முதல் தலைவரானவர். வீடுகள் எல்லாம் மக்கள் குடியிருப்பவை. வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் பெற்றோர் அடக்கமானது ஊரின் வடக்கே ரெட்ஃபோர்ட் இடுகாட்டில். வாசகர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கடலில் இறங்குவது பற்றி. கோடையிலேயே தண்ணீர் 14, 15 டிகிரிதான். உள்ளூர்ப் பாட்டிகள் டிசம்பரில் குளிக்கிறார்கள் என்று நீங்களும் பாய்ந்துவிடாதீர்கள். முதல் ஒரு நிமிடம் குளிர் மூச்சைப் பிடுங்கும், அப்போதுதான் ஆட்கள் தண்ணீர் குடிப்பது. மெதுவாக இறங்கி, மூச்சு சீரான பிறகு ஐந்து நிமிடம், பிறகு வெளியே. கூழாங்கல் கரை சட்டென்று ஆழமாகும், பிள்ளைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருங்கள். வெறுங்காலில் கல் குத்தும், ரப்பர் செருப்பு உதவும். யாராவது தண்ணீரில் மாட்டிக்கொண்டால் 112 அடித்துக் கோஸ்ட் கார்டு என்று கேட்க வேண்டும்.

குடை எடுத்துப் போகாதீர்கள். கடல்காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி. ஐரோப்பியக் கடற்கரை என்றதும் சூரியன் கடலில் மறையும் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு: இது கிழக்குக் கரை. சூரியன் கடலில் எழும், மலைக்குப் பின்னால் விழும். டிசம்பரில் அதுவும் நாலு மணி சுமாருக்கே.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு இந்த ஊர் நல்ல ஊர். இரட்டைச் சகோதரர்கள் 2004-இல் காய்கறிக்கடையாகத் தொடங்கிய 'தி ஹாப்பி பேர்' சர்ச் ரோட்டில்தான். அயர்லாந்தில் தாவர உணவென்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அது. மற்ற இடங்களில் காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் கோழிச்சாறு சேர்த்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மீன் சிப்ஸ் கடையை இங்கே சிப்பர் என்பார்கள். சிலவற்றில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில், கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். பொட்டலத்தைத் துறைமுகச் சுவரில் பிரித்து வைத்தால் கடற்காகம் பின்னாலிருந்து வரும். சுவரை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்கு மேல் தள்ளாதீர்கள், பல அடுப்படிகள் மூடிவிடும்.

தெற்கே தண்டவாளத்தை ஒட்டிக் கில்கூல் வரை 5 கிலோமீட்டர் சமதள நடை ஒன்று உண்டு, கூட்டமே இருக்காது. மே முதல் ஆகஸ்ட் வரை சின்ன ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் கூழாங்கல்லுக்கு நடுவில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும். முட்டையும் கல்லும் ஒரே நிறம், வேலி போட்ட பகுதியில் கால் வைக்காதீர்கள். கில்கூலில் ரயில் நிலையம் இருக்கிறதே, அங்கேயே ஏறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம். ஒரு நாளைக்கு நிற்பது சில வண்டிகள்தான். போன வழியே திரும்புவது நல்லது.

வேலைக்குப் போகிறவர்கள் ஊர் என்பது உங்களுக்குச் சாதகம். காலை ஒன்பதரைக்கு மேல் டப்ளினில் ஏறுங்கள், சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்குத் திரும்புங்கள். கூட்டம் முழுக்க எதிர்த்திசையில் போகும். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அன்று டப்ளினே பிரேயில் இருக்கும். நீண்ட வார இறுதிகளில் பராமரிப்புக்காகப் பாதையை மூடிவிட்டுப் பேருந்து விடுவதும் உண்டு, முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நேராக விமான நிலையம் போகிறவர்களுக்கு ஏர்கோச் 702 பேருந்து இருக்கிறது.

சாயங்கால வண்டி வந்து நின்றதும் பையும் கசங்கிய கோட்டுமாகக் கூட்டம் இறங்கும், ஓட்டுநர் இறங்கி நடைமேடையில் மறுமுனைக்கு நடப்பார். அவர் நடந்து முடிப்பதற்குள் ஏறி உட்கார்ந்துவிடலாம். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்துங்கள். இந்தத் தடவை வலப்பக்க ஜன்னல்.