பெர்னி வொரெல் யார்? பார்லமென்ட் குழுவின் 'ஃப்ளாஷ் லைட்' பாட்டின் பேஸை (அடியில் ஓடும் கீழ்ஸ்வர வரியை) வீட்டு சிந்தசைசரில் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் ப்ரீசெட் (கருவியில் தயாராக வரும் ஒலி) தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். பாதிக்கு மேல் கைப்பழக்கம்தான்.

வொரெல் 1944-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். மூன்று வயதில் பியானோ, எட்டு வயதில் சொந்தமாக ஒரு கான்செர்ட்டோ, பிறகு பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக்கல்லூரி. இப்படி மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ஊறியவர்தான் ஜார்ஜ் கிளின்டனின் பார்லமென்ட், ஃபங்கடெலிக் என்ற ஃபங்க் இசைக் குழுக்களுக்குக் கீபோர்டு வாசிக்கப் போனார். 1980-களில் டாக்கிங் ஹெட்ஸ் ராக் குழு, பிற்பாடு வூ வாரியர்ஸ் என்று சொந்தக் குழு. 2016 ஜூனில் காலமானார்.

1978-ல் அமெரிக்க ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பட்டியலில் முதலிடம் பிடித்த 'ஃப்ளாஷ் லைட்'டில், பேஸ் கிட்டார் வாசிக்க வேண்டிய இடத்தை அவருடைய மினிமூக் சிந்தசைசர் எடுத்துக்கொண்டது. கீழே சொல்வது அவர் வைத்த அளவுகள் அல்ல. தொடங்க ஓர் இடம், அவ்வளவே.

இரண்டு ஆஸிலேட்டர்களை (ஒலியை உண்டாக்கும் பகுதிகளை) 16 அடியில், அதாவது கீழ் ஸ்தாயியில், சா (ரம்பப்பல் வடிவ) அலைக்கு வையுங்கள். ஒன்றின் சுருதியை மயிரிழை மட்டும் விலக்குங்கள். அதிகம் விலக்கினால் கீழ் ஸ்வரங்களின் சுருதியே கலங்கிவிடும். ஃபில்டர் கட்டாஃப் (எதற்கு மேலுள்ள ஒலியை வெட்டுவது என்ற எல்லை) நன்றாகக் கீழே, ரெசொனன்ஸ் (அந்த எல்லையருகே ஒலியைத் தூக்கும் அளவு) மூன்றில் ஒரு பங்கு. ஃபில்டர் என்வலப்பில் (ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஃபில்டர் திறந்து மூடும் போக்கில்) அட்டாக் (ஏறும் நேரம்) பூஜ்யம், டிகே (இறங்கும் நேரம்) 200–300 மில்லிசெகண்ட், சஸ்டெயின் (கட்டையைப் பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு) குறைவு.

அடுத்ததில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பழைய மினிமூக் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். இரண்டு கட்டைகளை அழுத்தினால் கீழ்க்கட்டைதான் ஜெயிக்கும். மேல் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே ஒன்றைத் தட்டி விட்டால் சத்தம் கீழே குதித்துத் தானாக மேலே திரும்பும். இன்றைய சிந்த்கள் பெரும்பாலும் கடைசியாக அழுத்திய கட்டைக்கே முன்னுரிமை தருவதால், மேல் கட்டையை இரண்டாவதாக அழுத்தும் இடங்களில் அதே விரலோட்டம் வேறு மாதிரி கேட்கும். செட்டிங்கில் மோனோ (ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்), கீழ்ஸ்வர முன்னுரிமை, சிங்கிள் ட்ரிகர் மூன்றையும் போடுங்கள்.

சிங்கிள் ட்ரிகரில் முந்தைய கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் என்வலப் மறுபடி தொடங்காது. அந்த ஸ்வரம் மந்தமாக விழும். முதல் அடியில் நறுக்கென்று இறங்க வேண்டிய ஸ்வரத்துக்கு முன்னால் விரலை முழுசாக எடுத்தே ஆக வேண்டும். வழுக்கல் வேண்டிய இடத்தில் மட்டும் கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி வாசியுங்கள். கிளைடை (ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதியை) எப்போதும் போட்டு வைத்தால் மொத்தமும் குழகுழவென்று ஆகிவிடும்.

கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். கீழ் 'இ' ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டபின் ஃபில்டரைத் திருத்துங்கள். குழுவில் பேஸ் கிட்டாரும் இருந்தால், யார் கீழே வாசிப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.