சீட்டுக் குலுக்கிப் போடுகிறவர் டாக்டரா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இதயநோய் மருத்துவத்தில் மேற்படிப்பை முடிக்கப்போகிறேன். கூடப் படிக்கிறவர்கள் ஸ்டென்ட் வைப்பதில் கைதேர வேண்டும் என்று இருக்கிறார்கள். எனக்கோ கிளினிக்கல் ட்ரயல், அதாவது சிகிச்சைகளை நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு, நடத்துவதில்தான் மனம் போகிறது. பேராசிரியரிடம் சொன்னேன். "யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறவர் டாக்டரா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தோழிக்கு,

நான் மருத்துவன் அல்ல, மருத்துவ வரலாற்றை விடாமல் வாசிக்கிறவன். உங்கள் பேராசிரியரின் கேள்வியை 1980களில் பல நல்ல மருத்துவர்களும் கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதில் கொடியது.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயம் நடுநடுவே தப்பாகத் துடிக்கும். அவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்திருந்தது. என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளை அடக்கின. அது இசிஜியிலேயே தெரிந்தது. அப்புறம் என்ன சந்தேகம் என்று எழுதிக்கொடுத்தார்கள். இந்த மருந்துகள் சாவைக் குறைக்கின்றனவா என்று பார்க்க அமெரிக்காவில் 1987இல் காஸ்ட் என்ற ஆய்வு தொடங்கியபோது, மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுப்பது பாவம் என்று தங்கள் நோயாளிகளைச் சேர்க்க மறுத்தவர்கள் உண்டு. ஆய்வைத் திட்டமிட்டவர்களே மருந்து கெடுதல் செய்யும் என்று நினைக்கவில்லை. நன்மை உண்டா என்று மட்டும் பார்க்கத்தான் கணக்கு போட்டிருந்தார்கள். 1989இல் இந்த இரண்டு மருந்துகளையும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். இத்தனைக்கும் தப்புத் துடிப்பு மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர்களைச் சேர்த்திருந்தார்கள்.

இதை எந்த மருத்துவரும் நோயாளியின் கட்டிலோரத்தில் நின்று கண்டுபிடித்திருக்க முடியாது. மாரடைப்பு வந்தவர் இறந்தால் நோய் கொன்றது என்று தோன்றும், பிழைத்தால் மருந்து காப்பாற்றியது என்று தோன்றும். மருந்து கொன்ற சாவுக்குத் தனி அடையாளம் கிடையாது. பக்கத்தில் ஒப்பிட இன்னொரு கூட்டம் இருந்தால்தான் அது தெரியும். அந்த இரண்டு கூட்டத்தையும் சார்பில்லாமல் பிரிக்கத்தான் சீட்டுக் குலுக்கல்.

பேராசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எது நல்லது என்று தெரிந்த பிறகும் குலுக்கினால் அது குற்றம். உண்மையிலேயே தெரியாதபோது மட்டும்தான் அதற்கு அனுமதி. "எனக்குத் தெரியாது" என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லி, அதற்குப் பிறகும் அவர் நம்பிக்கையைப் பெற வேண்டும். ஸ்டென்ட் வைப்பதைவிட இது எளிது என்று எனக்குத் தோன்றவில்லை. வெற்று மாத்திரையோடு ஒப்பிடும் இப்படிப்பட்ட ஆய்வில் தலைமை ஏற்றவருக்கே யார் எந்தக் கூட்டம் என்று தெரியாது. இடையில் கணக்கைப் பார்ப்பது தனியான கண்காணிப்புக் குழு. பதில் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் மனம் உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த வழியில் போன ஒருவரைச் சொல்கிறேன். சலீம் யூசுஃப் கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்து, ஆக்ஸ்ஃபோர்டு போனவர். மாரடைப்புச் சிகிச்சைகளைச் சோதித்த ஐசிஸ் (ISIS) என்ற ஆய்வுகளைத் தொடங்கி வைத்த குழுவில் இருந்தார். சிறிய நன்மையை உறுதிசெய்யப் பெரிய எண்ணிக்கை வேண்டும், அதற்கு ஆய்வு எளிமையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. 1988இல் வெளியான ஐசிஸ்-2இல் 417 மருத்துவமனைகள், 17,187 நோயாளிகள். மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் தொடங்கி ஒரு மாதம் கொடுத்ததில், ஐந்து வாரங்களில் இதய, ரத்தக்குழாய் நோய்ச் சாவுகள் 23 சதவீதம் குறைந்தன. நோயாளிகளைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்று காட்ட, ராசிவாரியாகவும் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் பயன்படவில்லை என்று வந்தது! அதையும் அப்படியே அச்சிட்டார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். எதைக் கேட்க வேண்டும் என்பது வார்டில்தான் தெரியவரும். இதய ஆய்வுகள் பலவற்றில் பெண்களும் முதியவர்களும் மிகக் குறைவாகவே சேர்க்கப்பட்டார்கள். உங்கள் ஆய்வில் யார் விடுபடுகிறார்கள் என்று பாருங்கள். மருந்துக் கம்பெனியின் பணத்தில் நடப்பதானால், முடிவு அவர்களுக்குப் பாதகமாக வந்தாலும் வெளியிடும் உரிமை உங்கள் குழுவுக்கு இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஆய்வே வேண்டாம்.