99 சதவீதத்தில் நிற்கிறதா? பதிவேற்றம் பற்றிய கேள்வி பதில்

கணினியில் இருக்கும் கோப்புகளை இணையத்தில் ஏற்றுவதில் எங்கே சிக்கல் என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவை இங்கே.

அண்ணா, வீட்டில் 40 எம்பிபிஎஸ் இணைப்பு. சினிமா நிமிடத்தில் இறங்குகிறது. தங்கை கல்யாண வீடியோ 3 ஜிபி. அதை ஏற்றப் போனால் மணிக்கணக்கில் ஓடுகிறது. கணினியில் கோளாறா?

கணினி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. 40 என்பது இறக்கும் வேகம். பல இணைப்புகளில் ஏற்றும் வேகம் அதைவிட மிகக் குறைவு. வேகச் சோதனை செய்தால் இரண்டு எண்கள் வரும், இரண்டாவதைப் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இணைப்பை பிட் கணக்கில் விற்கிறார்கள் (எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட்), கோப்பை பைட் கணக்கில் அளக்கிறோம். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஏற்றும் வேகம் 4 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு அரை எம்பிதான் போகும். 3 ஜிபிக்கு 6,000 நொடி, அதாவது 1 மணி 40 நிமிடம். அதுவும் இணைப்பு ஒரு தடவைகூட அறுபடாமல் இருந்தால்! ராத்திரி படுக்கப் போகும்போது ஏற்ற விடுங்கள். மடிக்கணினி தானாக உறக்கத்துக்குப் போகாதபடி முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். லேன் கேபிள் இருந்தால் வைஃபையை நம்ப வேண்டாம்.

மின்னஞ்சலில் இணைத்து அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜிமெயிலில் எல்லை 25 எம்பி. கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் இணைய முகவரியை (லிங்க்) மட்டும் அனுப்புங்கள். இலவசமாகத் தரும் 15 ஜிபியை டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. மீதி எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

99 சதவீதம் வந்து அப்படியே நிற்கிறது. ரத்து செய்துவிட்டு மறுபடி தொடங்கவா?

வேண்டாம், பொறுங்கள். அந்தப் பட்டை பெரும்பாலும் உங்கள் பக்கத்திலிருந்து போனதைத்தான் காட்டுகிறது. போய்ச் சேர்ந்ததை எழுதி முடிக்க அந்தப் பக்கத்துக்கும் நேரம் வேண்டும். 413 என்ற எண்ணோடு பிழை வந்தால் மட்டும் காத்திருந்து பயனில்லை. கோப்பு அந்தத் தளம் ஏற்கும் அளவைத் தாண்டிவிட்டது.

வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் என் போட்டோவை ஏற்கவே மாட்டேன் என்கிறது. அக்கா சொல்லி இங்கே கேட்கிறேன்.

வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் விண்ணப்பம் என்றால் போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். கைப்பேசிப் படம் 3, 4 எம்பி வரும். முதலில் முகத்தை மட்டும் வெட்டி, பெயின்டில் 200க்கு 230 பிக்சலாகச் சுருக்கி, ஜேபிஜியாகச் சேமியுங்கள். சிறிதாகிவிட்டாலும் ஏற்காது, கவனம் தங்கச்சி. கடைசி நாள் மாலைவரை தள்ளிப்போடாதீர்கள்.

சார், ஃபைல்ஜில்லா என்ற கோப்பு அனுப்பும் மென்பொருளில் என் இணையதளக் கோப்புகளை எல்லாம் ஏற்றிவிட்டேன். என் கணினியில் தெரிகிற படங்கள் தளத்தில் தெரியவில்லை.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்; தளத்தை வைத்திருக்கும் லினக்ஸ் வழங்கிக்கு (சர்வர்) அவை இரண்டு வேறு கோப்புகள். பல கேமராக்கள் பெயரின் கடைசியில் வரும் ஜேபிஜியைப் பெரிய எழுத்தில் போட்டுவிடும். பெயர்களை எல்லாம் சின்ன எழுத்தாக்குங்கள், இடைவெளியை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், எஃப்டிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் முறையை விட்டு, எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறுங்கள்; போர்ட் என்ற இடத்தில் 22 போடுங்கள். எஃப்டிபியின் முதல் வரையறையை 1971இல் எழுதியவர் ஐஐடி கான்பூரில் படித்த அபய் பூஷண். அன்றைய வலையமைப்பு மிகச் சின்னது. இன்றைய இணையத்தில் சாதாரண எஃப்டிபி உங்கள் கடவுச்சொல்லைப் பூட்டாமல் அப்படியே அனுப்புவது ஆபத்து.

ஐயா, என் தாத்தா எழுதி அச்சிட்ட சித்த மருத்துவ நூல் ஒரே ஒரு பிரதி இருக்கிறது. அவர் 1958இல் காலமானார். எல்லோரும் படிக்கும்படி ஏற்றலாமா?

அவசியம் ஏற்றுங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. உங்கள் தாத்தாவின் நூல் 2019 தொடக்கத்திலேயே பொதுவுடைமை ஆகிவிட்டது.

300 டிபிஐயில் (ஸ்கேனின் நுணுக்க அளவு) ஸ்கேன் செய்யுங்கள், பக்க ஓரத்து எண்ணும் விழ வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றலாம். 1996 முதல் இயங்கும் லாபநோக்கற்ற நூலகம் அது, கணக்கு இலவசம். தலைப்பு, ஆசிரியர் எல்லாம் பிறகு திருத்தலாம். முகவரியில் வரும் அடையாளப் பெயரை மட்டும் மாற்ற முடியாது. அதை நிதானமாக வையுங்கள். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறிப்பிட மறக்காதீர்கள்.

ஒரு பழைய வருத்தத்தைச் சொல்கிறேன். நான் முதலில் ஏற்றிய புத்தகத்தில் 64, 65ஆம் பக்கங்கள் இல்லை. ஈரத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டிருக்கின்றன. ஒருவர் சுட்டிக்காட்டியபோது ஓராண்டு ஓடிவிட்டது, புத்தகமும் கைமாறிப் போயிருந்தது. இன்றுவரை அந்தப் பக்கங்கள் கிடைக்கவில்லை. நீங்கள் ஏற்றி முடித்ததும் வேறொரு கைப்பேசியில் திறந்து, கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கம்வரை எண்ணைச் சரிபாருங்கள். அதுவரை பிரதியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் ஐயா.