இரும்புக்கை மாமா

அன்புள்ள அண்ணா,

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. இப்போது வேலைக்காக சோழிங்கநல்லூர் பக்கம் குடிவந்துவிட்டேன். சூப்பர்ஹீரோ காமிக்ஸ்களை மாதாமாதம் விடாமல் வாசிப்பவன். இந்த மாத இதழ்களையும் முடித்துவிட்டேன், அலுப்புதான் மிச்சம். ‘அப்சல்யூட் பேட்மேன்’ எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எப்போதும் கோடீஸ்வரனாக வந்தவனை இதில் சம்பளக்காரனாக்கிவிட்டார்கள். கோடீஸ்வரன் என்பதை எடுத்துவிட்டால் பேட்மேன் வெறும் ரவுடிதானே? அந்தக் கருவிகளையெல்லாம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓர் ஆள் எப்படிச் செய்துவிட முடியும்? ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ 35 வயதில், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு வருகிறான். யாருக்கு வேண்டும் அது? செத்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். மாதம் இருபது சொச்சம் பக்கத்துக்குக் காசைக் கொட்டுவதா, தொகுப்பாக வரட்டும் என்று காத்திருப்பதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரம் நானும் அதே பேட்மேனைத்தான் இரண்டாம் தடவையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்திருக்காது.

செத்தவர்கள் திரும்பி வருவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சூப்பர்மேன் 1992இல் செத்தார், 1993இல் எழுந்து வந்தார். நம் தெருக்கூத்தில் அபிமன்யு வருஷா வருஷம் சாகிறான், அடுத்த வருஷம் மறுபடி அரிதாரம் பூசிக்கொண்டு வருகிறான். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போவதில்லை. ஸ்பைடர்மேன் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, ராத்திரி மூன்று மணிக்கு அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மறுபடி வாசியுங்கள்.

ஆனால் அந்த ‘ரவுடி’ என்ற சொல்லை விட முடியாது.

வியாசர்பாடியில் பிறந்தவரா இதை எழுதினீர்கள்? கையில் காசில்லாத, உடம்பு பெருத்த, ராத்திரியில் தெருவில் நிற்கிற ஓர் ஆளைப் பார்த்ததும் உங்கள் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தானா? உங்கள் அப்பாவையும் என் அப்பாவையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இதே சொல்லால்தான் அளந்தார்கள். சினிமாவில் நம் தெருவைக் காட்டும்போதெல்லாம் கூடவே ஒரு அரிவாளையும் காட்டினார்கள். அதைப் பார்த்து வளர்ந்து, வயிறெரிந்து, கடைசியில் நீங்களும் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு நிற்கிறீர்களே. அதே ஆள் மாளிகையிலிருந்து இறங்கிவந்து அடித்தால் அது நீதி, வாடகை வீட்டிலிருந்து வந்து அடித்தால் ரவுடித்தனமா? எனக்கு உண்மையிலேயே வலித்தது தம்பி.

கதையை இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். 2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிராகோட்டா வரையத் தொடங்கிய கதை இது. புரூஸ் வேன் என்பதுதான் பேட்மேனின் நிஜப் பெயர். இந்த புரூஸ் வேனின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போகிறார். அம்மா உயிரோடு இருக்கிறாள். பையன் படித்து, நகரத்துக்கு வேலை செய்கிற இன்ஜினியர் ஆகிறான். கோடீஸ்வரன் யார் என்றால், வில்லன் ஜோக்கர். ஊரின் பாலமும் குழாயும் சாக்கடையும் எங்கே பலமாக இருக்கின்றன, எங்கே இற்றுப்போயிருக்கின்றன என்பது வேலை செய்தவனுக்குத்தானே தெரியும்? மழை பிடித்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து முதலில் ஏறும் என்று பெரிய வீட்டுக்காரர்களையா போய்க் கேட்பீர்கள்?

இது புதிதும் இல்லை. 1938இல் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் மூன்றாம் இதழைப் பாருங்கள். அதில் சூப்பர்மேன் வேற்றுக்கிரகத்து ராட்சசனோடு மோதவில்லை. பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் ஒரு தொழிலாளி அடிபடுகிறான், முதலாளி கண்டுகொள்ளவில்லை. சூப்பர்மேன் அந்த முதலாளியையும் அவருடைய விருந்தாளிகளையும் அதே சுரங்கத்துக்குள் மாட்டவைத்து, அங்கே மூச்சு விடுவது எப்படியிருக்கிறது என்று காட்டுகிறார். பிறந்த வருஷத்திலேயே சூப்பர்ஹீரோவுக்கு இருந்த வேலை இதுதான்.

இதையெல்லாம் நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1983, 84 வாக்கில் இருக்கும். மூர்த்திங்கர் தெரு பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை. அப்பா டியூட்டி முடிந்து வரும்போது டிபன் பைக்குள் ஒரு காமிக்ஸ் இருக்கும். பாதிக்கு அட்டை இருக்காது, சிலவற்றுக்குக் கடைசிப் பக்கமே இருக்காது. அப்படித்தான் இரும்புக்கை மாயாவி எங்கள் வீட்டுக்கு வந்தார். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். ஒரு சோதனைச்சாலை உதவியாளர். விபத்தில் வலது கை போய் இரும்புக் கை மாட்டிக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அப்பா வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். தெருப் பிள்ளைகள் சுற்றி உட்காருவோம். “கரண்ட் போனா மாயாவி என்னாண்ணே பண்ணுவாரு?” என்று ஒருவன் தினமும் கேட்பான். எங்கள் தெருவில் அது நியாயமான கேள்வி.

பக்கத்து வீட்டு மாமாவும் வந்து உட்காருவார். பட்டறையில் பிரஸ் அடிக்கும் வேலை பார்த்தவர். அந்த மிஷின் அவருடைய வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டது. எப்போதும் அந்தக் கையின் மேல் துண்டைப் போட்டு மூடியே வைத்திருப்பார். பீடி பற்ற வைப்பதானாலும் இடது கைதான்.

ஒருநாள் அப்பாவிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். எதிரியின் குரல்வளைக்குப் பக்கத்தில் அந்த இரும்புக் கை மட்டும் மிதக்கிற படம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: “கை போச்சே, இவனுக்குக் கம்பெனில என்ன குடுத்தாங்க?”

அப்பா பதில் சொல்லவில்லை. மாமாவுக்குக் கொடுத்தது அதே பட்டறையில் கேட் வாட்ச்மேன் வேலை, முன்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு.

இத்தனை வருஷம் எவ்வளவோ காமிக்ஸ் விமர்சனங்கள் படித்துவிட்டேன். கோடு, வண்ணம், கதைப் பின்னல் எல்லாவற்றையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்கு மறுநாள் பிள்ளைகள் நாங்கள் போய் அந்தக் கையைக் காட்டச் சொன்னோம். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? மாமா கொஞ்ச நேரம் யோசித்தார், துண்டை எடுத்தார். ஒவ்வொருவனும் தொட்டுப் பார்த்தோம். அதிலிருந்து அவர் எங்களுக்கு இரும்புக்கை மாமா. கடைத்தெருவில் வைத்துக் கூப்பிட்டாலும் திரும்பி அந்தக் கையைத்தான் தூக்கிக் காட்டுவார். துண்டு தோளுக்குப் போய்விட்டது.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன் அந்தக் கருவிகளை எப்படிச் செய்வான் என்று கேட்டீர்கள். தேய்ந்துபோன பாகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, படமும் இல்லாமல் அளவும் எழுதாமல் சாயங்காலத்துக்குள் புதிதாகக் கடைந்து கொடுக்கும் ஆட்கள் நம் பக்கத்து லேத் பட்டறைகளில் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், மறந்துவிட்டீர்கள்.

மாதாமாதம் வாங்குவதா, தொகுப்பாக வாங்குவதா என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது. நான் மாதாமாதம் வாங்குகிறேன், சரி.

அடுத்த முறை அம்மாவைப் பார்க்க வரும்போது ‘அப்சல்யூட் பேட்மேன்’ முதல் இதழை எடுத்து வாருங்கள். மாமாவின் மகன் பெரம்பூரில் லேத் போட்டிருக்கிறார். பேட்மேன் நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றிக் கோடரியாக வீசுகிறானே, அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுவோம். எந்த இரும்பு போடுவார், எத்தனை கிலோ வரும், பூட்டை எந்த இடத்தில் வைப்பார் என்று அவர் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்