அடிபட்ட கோழிக்குஞ்சு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் விலங்கு மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் சிலேத்தார் பக்கம் தரைவீட்டில் பல வருடமாகக் கோழி வளர்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி (சிராங்கூன் கார்டன்ஸ்): அக்கா, ஐந்து நாள் குஞ்சை மற்றக் கோழிகள் கொத்தித் தலைத்தோல் கிழிந்து எலும்பு தெரிகிறது. மூச்சு இருக்கிறது, கண் திறக்கவில்லை. மஞ்சள் வைக்கலாமா?

காயத்தைக் கொஞ்சம் விடுங்கள், முதலில் சூடு கொடுங்கள். காயத்தை விட, அதிர்ச்சியில் உடம்பு குளிர்ந்து போய்ச் செத்த குஞ்சுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நம்ம ஊர்ப் புழுக்கமே போதும் என்று நினைக்காதீர்கள், முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி வேண்டும், அதனால் ஏர்கான் அறை வேண்டவே வேண்டாம். அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைத்து, மேலே லேசாக மூடி இருட்டாக்கி ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை தூக்கிப் பார்க்க விடாதீர்கள்.

தலையைத் தூக்க ஆரம்பித்ததும் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரை அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள், அதுவே நக்கி விழுங்கும். வாய்க்குள் பீச்சக்கூடாது, நாக்குக்குப் பின்னால்தான் மூச்சுத்துளை இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

அப்புறம் கழுவலாம். கொதித்து ஆறிய 250 மில்லி நீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஊசி இல்லாத சிரிஞ்ச், அவ்வளவுதான். தொங்கும் தோலை வெட்டாமல் ஈரத்தோடு மெதுவாக எலும்பின்மேல் இழுத்து மூடிவிட்டு, தையல் போட முடியுமா என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். தலைத்தோல் உரிந்த குஞ்சு ஒன்று என்னிடம் பிழைத்தது, இப்போது முட்டை வைக்கிறது.

மஞ்சள் சின்னக் கீறலோடு நிற்கட்டும். ஆழமான காயத்தில் பொடியை அப்பினால் அழுக்கோடு சேர்ந்து பொருக்குக் கட்டி உள்ளே சீழ் பிடிக்கும். மரத்துப்போகச் செய்யும் களிம்புகளும் (மருந்துப் பெயர் ‘கெய்ன்’ என்று முடியும்) கூடாது, சின்னப் பறவைக்கு அவை விஷம் மாதிரி.

கேள்வி (ஈசூன்): பூனை கவ்வியது. சின்னப் புள்ளி மாதிரிதான் காயம், நன்றாக ஓடுகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். எனக்கு இதுதான் அதிகம் பயம். பூனைப் பல் ஊசி மாதிரி, மேலே புள்ளி, உள்ளே ஆழம், அதன் வாயில் பாஸ்டுரெல்லா என்ற கிருமி இருக்கும். அது இரத்தத்தில் கலந்தால் நேற்று ஓடிய குஞ்சு நாளைக்கு இருக்காது. இன்றைக்கே ஆண்டிபயாட்டிக் வேண்டும், வீட்டில் மிச்சமிருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். எல்லாக் கிளினிக்கிலும் பறவை பார்ப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: காயத்தில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது.

ஈ முட்டை. நம் வெப்பத்தில் ஒரே நாளில் புழுவாகிவிடும். சாமணத்தால் எடுத்து, உப்பு நீரால் கழுவி, வீட்டுக்குள் வலை மூடி வையுங்கள். உள்ளே ஏற்கெனவே புழு போயிருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி (பாசிர் ரிஸ்): புளோக் கீழே அடிபட்ட காட்டுக்கோழிக் குஞ்சு கிடந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரைவீட்டில்தான் 10 கோழி வரை வைக்கலாம், அதுவும் மற்றப் பறவைகள் நுழைய முடியாத கூண்டில். பெட்டியில் வைத்துவிட்டுத் தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: எப்போது போதும் என்று விடுவது? ஏழு வயது மகன் அழுதுகொண்டே இருக்கிறான்.

குடல் வெளியே வந்திருந்தால், இரண்டு காலும் அசையாமல் போனால், ஒரு நாள் சூடு கொடுத்த பிறகும் ஒரு சொட்டு விழுங்காமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மருத்துவரின் ஊசிதான் நாம் செய்யக்கூடிய நல்லது. ஒரு தடவை நான் மனசு வராமல் மூன்று நாள் இழுத்தேன், அது பட்ட வேதனை இன்னும் கண்ணில் நிற்கிறது. மகனிடம் ‘தூங்குகிறது’ என்று சொல்லாதீர்கள், வலி தாங்க முடியவில்லை, அதனால் போக விடுகிறோம் என்றே சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும்.

கேள்வி: ஆறிவிட்டது. எப்போது தாய்க்கோழியிடம் விடலாம்?

சிவப்புத் துளியும் தெரியக்கூடாது, சிவப்பைக் கண்டால் மறுபடி கொத்தும். சில நாள் பிரிந்திருந்தாலே தாய் அடையாளம் மறந்து விரட்டலாம், அதனால் அமைதியான இன்னொரு குஞ்சைத் துணைக்குப் போட்டு, நடுவில் கம்பி வலை வைத்து ஒரு வாரம் பார்த்துப் பழகட்டும். பிறகு மாலை வேளையில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது திறந்துவிடுங்கள். முதலில் கொத்தியதற்குக் காரணமும் கூட்டிலேயே இருக்கும்: நெரிசல், புழுக்கம், ராத்திரி முழுக்க எரியும் வெள்ளை விளக்கு, தீவனத்தில் புரதக் குறைவு. அதைச் சரி செய்யாமல் குஞ்சை உள்ளே விடாதீர்கள்.