மாலை ஐந்து மணிப் பசியும் கார்டிசாலும்

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஷிப்மெண்ட் நேரத்தில் காலைச் சாப்பாடே கிடையாது. காபி மட்டும் நாலைந்து டம்ளர் ஆகிவிடும், கடைசி டம்ளர் இரவு ஏழு மணிக்கு. மாலை ஐந்து மணி ஆனால் இனிப்பு எதையாவது தின்றே ஆகவேண்டும். இரவுச் சாப்பாடு பத்தரைக்கு. வயிற்றைச் சுற்றிச் சதை போட்டிருக்கிறது. 'கார்டிசால் தொப்பை' என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு நானே லேபில் டெஸ்ட் எடுத்தேன். காலை எட்டரை மணிக்கு 17 மைக்ரோகிராம் என்று வந்தது. இது அதிகமா? எந்தச் சாப்பாடு இதைக் குறைக்கும்? தோழி அமுக்கரா பொடி சாப்பிடச் சொல்கிறாள். தொண்டைக்காக ஆறு மாதமாகத் தினமும் அதிமதுரக் கஷாயம் குடித்து வருகிறேன். போன மாதம் பி.பி. 146/92 இருந்தது.

பதில்: கார்டிசால் என்பது மன அழுத்தத்தின்போது உடம்பில் கூடுதலாகச் சுரக்கும் ஒரு ஹார்மோன். முதலில் அந்த 17ஐப் பார்த்துவிடுவோம். காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் ரத்தத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 25 வரை இயல்பு என்றுதான் பெரும்பாலான லேப்கள் போடுகின்றன. உங்களுடையது அதற்குள்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த எண் சும்மாவே கூடுதலாகக் காட்டும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. கண் விழித்த முக்கால் மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போகும். அப்புறம் படிப்படியாக இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். காலையில் ஏறுவதால்தான் நாம் எழுந்து நடமாடுகிறோம். இரவில் அது இறங்காமல் நிற்பதுதான் தொந்தரவு. கார்டிசால் மிகுந்து வரும் குஷிங் நோயாக இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டால், இரவு படுக்கும் நேரத்தில் எச்சிலில் அளப்பார், 24 மணி நேரச் சிறுநீரில் அளப்பார், அல்லது இரவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து மறுநாள் காலை ரத்தத்தில் அளப்பார். காலையில் ஒரே ஒரு தடவை எடுத்த ரத்தத்தை வைத்துத் தொப்பைக்குக் காரணம் சொல்லவே முடியாது.

அதனால் எந்த உணவு கார்டிசாலைக் குறைக்கும் என்று தேடுவதைவிட, காலையில் ஏறியது இரவில் ஒழுங்காக இறங்க நம் சாப்பாட்டு நேரமும் காபி நேரமும் எங்கே முட்டுக்கட்டை போடுகின்றன என்று பார்ப்பதே பலன் தரும் என்பது என் கருத்து. உங்கள் கடிதத்திலேயே அப்படி இரண்டு மூன்று இடங்கள் தெரிகின்றன.

கார்டிசாலின் முக்கியமான வேலைகளில் ஒன்று, ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. வெளியிலிருந்து சாப்பாடு வராவிட்டால் கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்கச் சொல்லும், அதற்குத் தசையிலுள்ள புரதத்தைக்கூட உடைத்துக் கொடுக்கும். ஒருவேளை பட்டினி கிடந்தால் ஆரோக்கியமான உடம்பு அதைச் சமாளித்துவிடும், உண்மைதான். ஆனால் வாரக்கணக்கில் அரைப் பட்டினி என்றால் கதை வேறு. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெண்களை மூன்று வாரம் தினமும் 1,200 கலோரியில் வைத்தார்கள். அவர்களுக்குக் கார்டிசால் கூடியது. தொப்பை பயத்தில் இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திவிடலாமா என்று நினைத்திருந்தால், தயவுசெய்து வேண்டாம். காலைச் சாப்பாட்டை வழக்கமாகத் தவிர்க்கும் பெண்களுக்குக் காலை முதல் பிற்பகல் வரை கார்டிசால் கூடுதலாக இருப்பதாகவும் ஓர் ஆய்வு உண்டு. சாப்பிடாததால்தான் அப்படி என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, பரபரப்பான வாழ்க்கையும் காரணமாக இருக்கலாம். இருந்தாலும் உங்கள் ஐந்து மணிப் பசியின் வேர் காலை எட்டு மணியில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஷிப்மெண்ட் நாளில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்றால் வேகவைத்த முட்டை இரண்டு, ஒரு வாழைப்பழம் போதும். முட்டை வேண்டாம் என்றால் முதல் நாள் இரவே கொள்ளுச் சுண்டல் தாளித்து ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். உங்கள் ஊர்ப்பக்கம் கொள்ளுக்குப் பஞ்சமா என்ன? காலையில் புரதமும் நார்ச்சத்தும் உள்ளே போய்விட்டால் மாலை இழுப்பு பாதியாகக் குறைவதை என்னிடம் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அந்த இனிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு ஒரு ஜாங்கிரியை வாயில் போட்டதும் தோள் தளர்ந்து ஓர் ஆறுதல் வருகிறதே, அது வெறும் பிரமை இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 19 பெண்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள், 2015இல் வெளியானது. இரண்டு வாரம் சிலர் சர்க்கரை சேர்த்த பானமும், மற்றவர்கள் செயற்கை இனிப்புப் பானமும் குடித்தார்கள். பிறகு கடினமான கணக்குகளைக் கொடுத்துப் பதற்றப்படுத்தியபோது, சர்க்கரை குடித்தவர்களுக்குக் கார்டிசால் அவ்வளவாக ஏறவில்லை. சர்க்கரை அழுத்தத்தை உண்மையிலேயே கொஞ்சம் அமுக்குகிறது, அதனால்தான் மூளை மறுநாளும் அதே நேரத்துக்கு அதைக் கேட்கிறது. நீங்கள் கட்டுப்பாடு இல்லாதவர் என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த ஆறுதலுக்கு இடுப்பும் ரத்தச் சர்க்கரையும் விலை கொடுக்கின்றன. நாலரை மணிக்கே ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஒரு டம்ளர் மோரோ எடுத்துக்கொண்டால், ஐந்து மணிக்கு ஜாங்கிரி முன்னால் நிற்கும்போது பசியோடு நிற்க மாட்டீர்கள்.

காபிக்கு வருகிறேன். காபியே குடிக்காதவருக்கு ஒரு டோஸ் காஃபின் கொடுத்தால் கார்டிசால் நன்றாக ஏறும். தினமும் குடிப்பவர்களுக்குக் காலைக் காபி அந்த ஏற்றத்தை அவ்வளவாகத் தருவதில்லை, உடம்பு பழகிவிடுகிறது. 2005இல் வந்த ஓர் ஆய்வில், தினம் 300 மில்லிகிராம் காஃபின் பழகியவர்களுக்குக்கூட மதியம் ஒரு மணி டோஸுக்குப் பிறகு மாலைவரை கார்டிசால் கூடியே இருந்தது. அதனால் காலை டம்ளரைப் பறிக்க நான் வரவில்லை. ஏழு மணி டம்ளரைத்தான் விடச் சொல்கிறேன். காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஏழு மணிக்குக் குடித்ததில் பாதி, நள்ளிரவிலும் உங்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் மாலைக் கார்டிசால் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது. பிற்பகல் இரண்டு மணியோடு காபியை நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏதாவது சூடாக வேண்டும் என்றால் சுக்கு மல்லி போட்டுக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டையும் எட்டரைக்குள் கொண்டுவரப் பாருங்கள். வேலை விடவில்லை என்றால் எட்டு மணிக்கு அலுவலகத்திலேயே இரண்டு இட்லி, வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் பால்.

குறைக்கும் உணவு எதுவுமே இல்லையா என்று கேட்டால், கொஞ்சம் உண்டு. லண்டனில் 75 ஆண்களுக்கு ஆறு வாரம் தினம் நான்கு வேளை கருந்தேநீர் கொடுத்துப் பார்த்ததில், பதற்றம் முடிந்த பிறகு அவர்களுக்குக் கார்டிசால் வேகமாக இறங்கியது. ஒமேகா-3 மாத்திரை தினம் 2.5 கிராம் வீதம் நான்கு மாதம் எடுத்தவர்களுக்கு, பதற்ற நேரக் கார்டிசால் 19 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த அளவை மீனிலிருந்து மட்டும் தினமும் பெறுவது கடினம், இருந்தாலும் வாரம் இரண்டு முறை மத்தியோ கானாங்கெளுத்தியோ சாப்பிட்டால் இதயத்துக்கும் நல்லது. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்களும் பதற்ற நேரக் கார்டிசால் ஏற்றத்தைத் தணிப்பதாக பெல்ஜியத்தில் ஒரு சோதனை காட்டியது. பயறு, கீரை, கம்பு, பழைய சோறு என்று நம் சாப்பாட்டில் அதற்கு வழி ஏராளம். இளநீரும் ஆரஞ்சுச் சாறும் உப்பும் கலந்து 'கார்டிசால் பானம்' என்று விற்கிறார்களே, அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. உங்கள் பி.பி.க்கு உப்பு சேர்த்த பானம் வேண்டவே வேண்டாம்.

அமுக்கராவைக் குறைத்துப் பேச மாட்டேன். சிறிய சோதனைகள் சிலவற்றில் கார்டிசால் குறைந்திருக்கிறது. ஆனால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது, தைராய்டு மாத்திரையோடும் ஒத்துப்போகாது, கர்ப்பிணிகளுக்குக் கூடாது. உங்கள் கார்டிசால் இயல்பாக இருக்கும்போது எதைக் குறைக்க அந்தப் பொடி?

இனி, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த ஒரே வரிக்கு வருகிறேன்: அதிமதுரம். சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் வேலை ஆல்டோஸ்டிரோன் என்ற வேறொரு ஹார்மோனுடையது. அதற்கான பூட்டில் கார்டிசாலும் சரியாகப் பொருந்தும். அப்படிப் பொருந்திவிடாமல், பக்கத்திலேயே ஒரு என்சைம் காவல் இருந்து கார்டிசாலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடும். அதிமதுரத்தின் இனிப்புச் சத்தான கிளைசிரைசின் இந்தக் காவலைத்தான் முடக்குகிறது. அப்புறம் ரத்தத்தில் கார்டிசால் இயல்பாக இருந்தாலும் சிறுநீரகத்தில் அது வேலையைக் காட்டும். உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் குறையும், பி.பி. ஏறும். இருமலுக்கு இரண்டு மூன்று நாள் குடிப்பது வேறு, ஆறு மாதம் தினமும் குடிப்பது வேறு. உங்கள் 146/92க்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். இந்த வாரமே ஒரு பொதுநல மருத்துவரிடம் போய் அதிமதுரம் குடித்ததைச் சொல்லி, ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். கால் தசை பிடிக்கிறது, சோர்வாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் வாரம் முடியும்வரை காத்திருக்காமல் உடனே போங்கள். தோலில் எளிதாக ரத்தக்கட்டு வருவது, வயிற்றில் விரல் அகல ஊதா வரிகள் இருப்பது, மாடி ஏறத் தொடை வலுவில்லாமல் போவது எல்லாம் குஷிங் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம், இவற்றில் ஏதாவது இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ பெயர் தெரியாத மாத்திரை, பொடி எடுத்திருந்தாலும் மறைக்க வேண்டாம், கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு அப்படித்தான் உடம்புக்குள் போகிறது. மூன்று வாரம் கழித்து, காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் பி.பி. பாருங்கள்.