வெறும் போன் எடுக்கிற வேலை – கடிதம்

அன்புள்ள ஐயா,
பி.காம். முடித்த என் மகள் பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் சேர்ந்திருக்கிறாள். அமெரிக்கக் கிரெடிட் கார்டுக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், இரவு ஷிஃப்ட். 'படித்துவிட்டு வெறும் போன் எடுக்கிற வேலையா' என்கிறார்கள் உறவினர்கள். போன வாரம் என் வங்கிக்குப் போன் செய்து, இருபது நிமிடம் காத்திருந்து, எடுத்த பெண்ணைத் திட்டித் தீர்த்தேன். கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதையே சொன்னாள். மகளை வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லவா?
ஒரு தந்தை, தாம்பரம்

அன்புள்ள நண்பருக்கு,

தேர்வைப் பற்றி மகளிடம் கேளுங்கள். உறவினர்களை விடுங்கள். இரவு வண்டி வீட்டு வாசல் வரை வருகிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் திட்டினீர்களே, அந்தப் பெண்ணும் யாரோ ஒரு அப்பாவுக்கு மகள். அது எப்படி ஐயா உங்களுக்குத் தோன்றாமல் போயிற்று? எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டை விட்டு விலகிப் பேசினால், பதிவைக் கேட்கும் குவாலிட்டி ஆட்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். ஒரு போன் காலைச் சராசரியாக எவ்வளவு நேரத்தில் முடிக்கிறாள் என்பதும் கணக்கு, ஏஎச்டி என்பார்கள். நீங்கள் திட்டிய நேரமெல்லாம் அவள் பெயரில் ஏறியிருக்கும்.

என் அக்கா மகன் இந்த வேலையில் இருந்தான். எதிர்முனையில் கத்தும்போது மியூட்டை அழுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, 'ஐ அண்டர்ஸ்டாண்ட் சார்' என்பானாம். நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தால் இங்கே வண்டியும் ஒரு மணி நேரம் தாமதமாக வரும். "அமெரிக்காக்காரன் மணியை மாத்திட்டான்" என்று அக்கா அன்றைக்குத் தோசைக்கல்லைத் தாமதமாகத்தான் அடுப்பில் வைப்பார்.

அப்புறம், அந்த இருபது நிமிடம். எத்தனை போன் கால் வரும், எத்தனை பேர் உட்கார்ந்தால் எவ்வளவு காத்திருப்பு என்பதற்கு, கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் 1917லேயே சூத்திரம் போட்டுவிட்டார். கால் சென்டர்களில் இன்றும் அதை வைத்து ஆள் கணக்குப் பார்க்கிறார்கள். இன்னும் சில பேரைப் போட்டால் உங்கள் காத்திருப்பு குறையும் என்பது மேலே இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். சம்பளம் மிச்சம் என்று விட்டிருப்பார். அவருடைய நம்பர் உங்களிடம் கிடையாது. அதனால் திட்டு இவளுக்கு. வாங்கிக்கொள்ளத்தான் அவளை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

சரி, கோபம் தீரவில்லை என்றால் புகார் எண்ணை வாங்கிக்கொண்டு வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அவருக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம், யாருடைய ஏஎச்டியும் ஏறாது.